அப்பச் சோடா

அடியிலிருந்துதான் தொடங்கியது.
சுண்டுவிரல் நீள முருகைக் கொப்புக்கு
யாரோ வெள்ளைக் காலுறை மாட்டிவிட்டதுபோல.
முதல் கிழமை கணுக்கால்,
மாசி முடிகையில் முழங்கால்.
உச்சியில் மட்டும் இன்னும் அந்த ஊதா,
ஒன்றுமே நடக்கவில்லை என்று சாதிக்கிற ஊதா.

ஓல்டனில் மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஆரே ஆற்றின் பனிமூட்டம்,
உள்ளே நூற்றியிருபது லீற்றர் கடல்.

சூடு சரி. உப்பு முப்பத்தைந்து, அதுவும் சரி.
புழு தின்கிறதோ என்று
நடுச்சாமம் சிவப்பு ரோச் அடித்துப் பார்த்தேன்;
சங்குக்குள் குடியிருக்கிற நண்டு மட்டும்
களவில் பிடிபட்ட முகத்தோடு நின்றது.
பாவம், அது நிரபராதி.
கொப்பை அயடினில் முக்கி எடுத்தேன்.
விளக்கின் நீலத்தைக் குறைத்தேன், கூட்டினேன், திரும்பக் குறைத்தேன்.
பம்பை இடமிருந்து வலத்துக்கு மாற்றினேன்.
நான் தொட்ட ஒவ்வொரு முறையும்
காலுறை ஒரு நூல் ஏறிற்று.

ஸோஃபிங்கனில் இதை எனக்கு விற்ற ஃப்லூக்கிகர்
படத்தை நெடுநேரம் பார்த்தார்.
"கை இரண்டையும் பொக்கற்றுக்குள் வை," என்றார்,
"இரண்டு கிழமைக்கு."
இரவு முழுக்கக் கடிதம் பிரிக்கிற கைகள் இவை.
சும்மா இருப்பது எப்படி என்று
அவற்றுக்கு ஒருவரும் பழக்கவில்லை.

இதே கல்லைச் சூளையில் அடுக்கிச் சுட்டு
நீற்றிச் சுவருக்குப் பூசியவர்கள் நாங்கள்.
ஒரு விரலளவுக்காக நான் நித்திரை கெடுவதைக் கேட்டால்
அந்தச் சுவர்கள் சிரிக்கும்.

சனிக்கிழமைகளில் பாதித் தண்ணீரை மாற்றுவேன்.
மாற்றிய கையோடு காரத்தை அளப்பேன்:
சிறு குழாயில் ஐந்து மில்லி,
நீலம் மஞ்சளாகும் வரை துளிகளை எண்ண வேண்டும்.
எட்டு. எப்போதும் எட்டு.
குறிப்பேட்டில் எழுதுவேன்: எட்டு, கொஞ்சம் குறைவு.
ஆகவே ஒவ்வொரு மாலையும் வேலைக்குப் புறப்பட முன்
அரைக் கரண்டி அப்பச் சோடா கரைத்து ஊற்றுவேன்.

ஒரு புதன்கிழமை
ஹேர்கிங்கனில் கடிதங்கள் ஓடுகிற பட்டி அறுந்து
எங்களை நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள்.
இரவு ஒரு மணி. நித்திரை வரவில்லை. அளந்தேன்.
எட்டாம் துளியில் நீலம்.
ஒன்பதில் நீலம்.
பதினொன்றிலும் அசையாத நீலம்.
பன்னிரண்டில்தான் மஞ்சள்.
குழாயைக் கழுவி இன்னொரு முறை. பன்னிரண்டு.
போத்தலின் திகதியைப் பார்த்தேன், பிறகு என் கண்ணைச் சந்தேகித்தேன்.
ஹீட்டரில் வெள்ளைப் பொருக்குப் பிடித்திருந்தது
அப்போதுதான் தெரிந்தது.
எத்தனை நாளாக இருந்ததோ.

விளக்கை அணைத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தேன்.

ஐந்தரைக்குச் சுகிர்தா எழும்பினாள்.
ஆரௌ ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளுக்குக் காலை முறை.
கண்ணைக் கசக்கியபடி, இருட்டிலேயே,
அலுமாரியைத் திறந்து
சோடாவை எடுத்து
அரைக் கரண்டி தண்ணீரில் கலக்கி
தொட்டிக்குள் ஊற்றினாள்,
தினமும் செய்கிறவளின் கை.

"என்ன செய்கிறீர்?"
துடித்துப்போனாள்.
"குறைவு என்று எழுதியிருந்தீங்களே."

ஆறு வருஷமாக
நான் வரும்போது அவள் பஸ்ஸில்,
அவள் திரும்பும்போது எனக்கு அரை நித்திரை.
வாடகையையும் பல்வைத்தியரையும்
குளிர்பெட்டிக் கதவில் எழுதித்தான் கதைத்துக்கொண்டோம்.
என் குறிப்பேட்டையும் அவள் வாசிக்கிறாள் என்று
எனக்கெப்படித் தெரியும்?
அந்த அலுப்புப் பிடித்த எண்களை,
ஒவ்வொரு பக்கமாக.

போன சதை திரும்பி வருமா தெரியாது.
"சிலவேளை" என்றார் ஃப்லூக்கிகர்;
அவர் வாயிலிருந்து அது பெரிய வாக்குறுதி.
காலுறை முழங்காலிலேயே நிற்கிறது,
அல்லது நிற்பதாக நான் பார்க்கிறேன்.

இன்று விடிய வந்து குறிப்பேட்டைத் திறந்தேன்.
என் எழுத்துக்குக் கீழே
சரிந்த எழுத்தில்:
பத்து.
நான் தொடவில்லை.
பால் முடிஞ்சுது.